சிவப்பு பாரனை ரஃபேலில் உட்கார வைத்தால்?

"ஜெட் விமானிகள் எல்லாம் பட்டன் அமுக்குகிறவர்கள்தானே, முதல் உலகப் போர் விமானிகளின் திறமை இவர்களுக்கு வருமா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு நான் இரண்டு வரி பதில் எழுதப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே மூச்சில் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விமானி இல்லை. விமானப்படையில் இன்ஜின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விமானிகளை ஏணி பிடித்து ஏற்றிவிட்டு, திரும்பி வந்ததும் இறக்கிவிட்டுப் பழக்கம், மற்றபடி இந்த வரலாற்றைப் படிப்பதில் ஒரு பைத்தியம்.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். யார் திறமைசாலி, அந்தக் காலத்து ஆளா, இந்தக் காலத்து ஆளா?

பதில்: சராசரி விமானியை எடுத்தால் இன்றைய ஆள்தான். பக்கத்தில்கூட வர முடியாது. 1917-இல் பிரான்ஸ் போர்முனையில் வந்து இறங்கிய சராசரி பிரிட்டிஷ் விமானிக்கு விமானத்தை ஒழுங்காகத் திருப்பவே தெரியாது. அவர் மேல் தப்பில்லை, சொல்லிக்கொடுக்கிற முறையே அப்போது உருவாகியிருக்கவில்லை. ஆனால் விமானத்தை விழாமல் காற்றில் வைத்திருக்கிற அந்தக் கை-கால் வேலை இருக்கிறதே, அது மட்டும் அன்று பல மடங்கு கடினம். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது, அதனால் ஓய்வு கிடைத்த மூளைக்கு வேறு பத்து வேலையை ஏற்றிவிட்டார்கள். இன்னொன்று, தலைப்பில் உள்ள 'சிவப்பு பாரன்', அதாவது ஜெர்மன் விமானி ரிக்தோஃபென், பிரிட்டனின் மெக்கடன், ஜெர்மனியின் போல்கே என்று நாம் பேர் சொல்லிப் பேசுகிறவர்கள் எல்லாம் சில மாதங்களாவது பிழைத்து நின்றவர்கள். முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்தவர்களின் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை, அதனால் அந்தக் காலத்தில் பறந்தவர்கள் அத்தனை பேரும் மேதைகள் என்பது போல நமக்குத் தெரிகிறது.

கேள்வி: முதல் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் சண்டை விமானம் சோப்வித் கேமலின் வேகம் மணிக்கு 185 கி.மீ. தான் என்று படித்தேன். இப்போது பைக்கே அந்த வேகம் போகிறது. அதை ஓட்டுவதில் அப்படி என்ன கஷ்டம் அண்ணே?

பதில்: வேகத்தைப் பார்க்காதீர்கள் தம்பி, இன்ஜினைப் பாருங்கள். கேமலில் இருந்தது ரோட்டரி இன்ஜின். நம் வண்டிகளில் சிலிண்டர் அசையாமல் இருக்கும், கிராங்க் ஷாஃப்ட் சுற்றும். இதில் தலைகீழ். கிராங்க் ஷாஃப்ட்டை விமானத்தோடு சேர்த்து முடுக்கிவிட்டு, ஒன்பது சிலிண்டரும் ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து நிமிடத்துக்கு 1,250 சுற்று சுற்றும். 170 கிலோ இரும்பு மூக்கில் நின்று அப்படிச் சுற்றினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமா, சைக்கிள் முன்சக்கரத்தைக் கழற்றி அச்சின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, வேகமாகச் சுற்றவிட்டுத் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்புகிற பக்கம் போகாமல் அது வேறு பக்கம் சாயும். கேமலும் அப்படித்தான், வலப்பக்கம் திருப்பினால் மூக்கு கீழே போகும், இடப்பக்கம் திருப்பினால் மூக்கு மேலே ஏறும், இரண்டுக்கும் இடது ரட்டரை, அதாவது வாலில் உள்ள திருப்புப் பலகைக்கான மிதியை, மிதித்தாக வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஸ்பின் (விமானம் சுழன்றுகொண்டே கீழே விழுவது), தரைக்குப் பக்கத்தில் ஸ்பின் என்றால் கதை முடிந்தது. இடப்பக்கம் 90 டிகிரி திரும்புவதற்குப் பதிலாக வலப்பக்கமே 270 டிகிரி சுற்றி வந்தவர்களும் உண்டு, அந்தப் பக்கம் அவ்வளவு வேகமாகத் திரும்பும்.

த்ராட்டில் என்று நாம் நினைக்கிற சமாச்சாரமும் கிடையாது. பெட்ரோலுக்கு ஒரு நெம்புகோல், காற்றுக்கு ஒன்று, இரண்டையும் விமானிதான் காதால் கேட்டுக் கேட்டுச் சரிபண்ண வேண்டும். தரையை விட்டுக் கிளம்பியதும் கலவையில் பெட்ரோலைக் குறைக்க மறந்தால் இன்ஜின் அடைத்துக்கொண்டு நின்றுவிடும், பயிற்சி மாணவர்கள் பலர் செத்தது இப்படித்தான். இறங்கும்போது வேகத்தைக் குறைக்க ஸ்டிக்கில் (கையில் பிடித்து ஓட்டுகிற தடி) ஒரு பொத்தான், அதை அழுத்தினால் தீப்பொறி நிற்கும், விட்டால் மறுபடி எரியும். விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இறங்க வேண்டும்.

மசகு எண்ணெய் என்ன தெரியுமா? விளக்கெண்ணெய். பெட்ரோலில் கரையாது என்பதற்காக அதைப் போட்டார்கள், ஒரு முறை உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்தில்தான் வந்து விழும். இரண்டு மணி நேரம் அதைச் சுவாசித்துவிட்டு இறங்கியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கே ஓடியிருப்பார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

கேமல் விமானிகளில் சண்டையில் இறந்தவர்கள் 413 பேர், சண்டையில்லாத காரணங்களால் இறந்தவர்கள் 385 பேர் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். கிட்டத்தட்ட எதிரி கொன்ற அளவுக்கு அந்த விமானமே கொன்றிருக்கிறது. ஆனால் அதே விமானம் கைக்கு வந்துவிட்டவனிடம் எதிரி மாட்டினால் அவ்வளவுதான்.

கேள்வி: அப்போது பயிற்சி எத்தனை மணி நேரம்? இப்போது எத்தனை?

பதில்: 1917 ஏப்ரலில் அராஸ் போர் நடந்தபோது, 20 மணி நேரம்கூடப் பறக்காத பிள்ளைகளை முனைக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு மாதத்தில் பிரிட்டிஷ் தரப்பு 245 விமானங்களை இழந்தது, ஜெர்மன் தரப்பு இழந்தது 66. 'இரத்த ஏப்ரல்' என்றே அதற்குப் பேர். ஜெர்மானியரின் ஆல்பட்ராஸ் நல்ல விமானம் என்பது உண்மை, ஆனால் அது மட்டும் காரணமில்லை.

இதை மாற்றியவர் ராபர்ட் ஸ்மித்-பேரி என்கிற மனிதர். என்னைக் கேட்டால் அந்தப் போரில் எந்த வீரரையும் விட இவர்தான் முக்கியம். 1917-இல் காஸ்போர்ட்டில் பள்ளி வைத்து, இரட்டைக் கட்டுப்பாடு உள்ள ஆவ்ரோ 504 விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக உட்கார்ந்து, ஆபத்தான வேலைகளை வேண்டுமென்றே செய்து காட்டினார். ஸ்பின்னுக்குள் போ, அது ஏன் வந்தது என்று பார், வெளியே வா. அதுவரை ஸ்பின் என்றால் விதி என்று நினைத்திருந்தார்கள், 1912-இல் வில்ஃப்ரெட் பார்க் என்பவர் தப்பித்து வழி காட்டிய பிறகும் பயிற்சியில் அதை யாரும் ஒழுங்காகச் சேர்க்கவில்லை. உலகம் முழுக்க இன்று விமானம் ஓட்டச் சொல்லித் தருவது ஸ்மித்-பேரி போட்ட பாதையில்தான், நம் தாம்பரத்தில் இருக்கிற விமானப்படைப் பயிற்றுநர் பள்ளியும் அதில் அடக்கம்.

இன்று கதையே வேறு. அடிப்படைப் பயிற்சி, ஜெட் பயிற்சி, அப்புறம் போர் விமானம் என்று முனைக்குத் தயாராக வருடங்கள் ஆகும். அதன் பிறகும் வருடத்துக்கு 180 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது நேட்டோ நாடுகள் வைத்திருக்கிற அளவுகோல். பறந்துவிட்டு வந்து உட்கார்ந்து பேசுவார்களே, அதுதான் உண்மையான பயிற்சி. ஒரு மணி நேரம் பறந்ததைப் பற்றி இரண்டு மூன்று மணி நேரம் அலசுவார்கள். அந்த அறையில் யார் சீனியர் என்று பார்ப்பதில்லை, தப்பு செய்தது கமாண்டரே ஆனாலும் பலகையில் வரைந்து காட்டிவிடுவார்கள். முதல் உலகப் போரில் இரவு மெஸ்ஸில் பியானோ வாசித்துக் குடித்துவிட்டுத் தூங்கினவர்களுக்கு இந்த வசதி இல்லை.

கேள்வி: ரிக்தோஃபென் 80 விமானங்களை வீழ்த்தினார், இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் விமானி ஹார்ட்மன் 352. இன்றைய ஜெட் விமானி ஒன்றை வீழ்த்தினாலே ஊரெல்லாம் கொண்டாடுகிறோம். எண்ணிக்கையே சொல்லவில்லையா யார் பெரியவர் என்று?

பதில்: எண்ணிக்கை சொல்வது வானத்தில் எத்தனை இலக்குகள் இருந்தன, அவரை எத்தனை நாள் பறக்கவிட்டார்கள் என்பதைத்தான். எரிக் ஹார்ட்மன் பறந்தது 1,400-க்கும் மேற்பட்ட போர்ப் பயணங்கள். ஜெர்மனியில் விமானியைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை, சாகும் வரை அல்லது போர் முடியும் வரை பற. அமெரிக்கர்கள் ஆளைக் குறிப்பிட்ட காலம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பிப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். முதல் முறையில் பெரிய பெரிய எண்கள் வரும், இரண்டாவது முறையில் போரில் ஜெயிப்பார்கள். 1944-இல் ஜெர்மனியும் ஜப்பானும் மாட்டிக்கொண்டது இங்கேதான், உச்சியில் சில அசுரர்கள், கீழே ஒழுங்காக இறங்கக்கூடத் தெரியாத பிள்ளைகள்.

ரிக்தோஃபென் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அவர் பெரிய ஓட்டுநர் இல்லை. 1915-இல் தனியாகப் பறந்த முதல் நாளே விமானத்தை இறக்கும்போது உடைத்தவர். சாகச வித்தைகள் அவருக்குப் பிடிக்காது, தம்பி லோதர்தான் துணிந்து பாய்கிற ரகம். அண்ணன் வேட்டைக்காரர். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, உயரத்தில் காத்திருந்து, சாதகமாக இருந்தால் மட்டும் இறங்கி, மிக நெருங்கிப் போய்ச் சுடுவார். இதெல்லாம் அவருடைய ஆசான் ஓஸ்வால்ட் போல்கே 1916-இல் எழுதி வைத்த விதிகள். 1918 ஏப்ரல் 21 அன்று அதே விதிகளை மறந்து, ஒரு புது விமானியைத் துரத்திக்கொண்டு எதிரி நிலத்தின் மேல் தாழப் பறந்தார். ஒரே ஒரு குண்டு. வயது 25.

ஒலியை மிஞ்சிய வேகமுள்ள ஜெட்களில் பெரிய கணக்கு வைத்திருப்பவர் இஸ்ரேலின் கியோரா எப்ஸ்டீன், 17. அவருக்கு அது கிடைத்ததற்கு அரபு-இஸ்ரேல் போர்களில் வானம் நிரம்ப விமானங்கள் இருந்ததும் ஒரு காரணம். சும்மா இருக்கிற வானத்தில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: உடல் வலிமையில்?

பதில்: இன்றையவர்தான், பேச்சே வேண்டாம். நவீன விமானம் 9 ஜி வரை, அதாவது உடம்பின் எடை ஒன்பது மடங்காகத் தெரிகிற அளவுக்கு வேகமாகத் திரும்பும். 70 கிலோ ஆள் அந்த நேரத்தில் 630 கிலோ. ஹெல்மெட்டோடு சேர்ந்த தலை ஐம்பது கிலோவைத் தாண்டும், அந்தத் தலையைத் திருப்பி முதுகுக்குப் பின்னால் எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும். இரத்தம் காலுக்கு இறங்கும், முதலில் கண்ணுக்கு நிறம் தெரியாமல் போகும், பிறகு பார்வை சுருங்கும், பிறகு நினைவே போய்விடும். இதைத் தடுக்கக் காலையும் வயிற்றையும் இறுக்கிக்கொண்டு மூன்று விநாடிக்கு ஒரு முறை மூச்சை வெட்டி வெட்டி விடுகிற ஒரு முறை இருக்கிறது, பெங்களூரில் உள்ள விமான மருத்துவ நிறுவனத்தில் சுழல் இயந்திரத்தில் உட்கார வைத்து இதைப் பழக்குகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் மயக்கம் வருகிறது. 2016-இல் ஒரு காணொளி வெளியானது, அமெரிக்காவில் எஃப்-16 பயிற்சி மாணவர் ஒருவர் 8 ஜி-க்கு மேல் இழுத்து நினைவிழக்கிறார், விமானம் தரையை நோக்கிப் பாய்கிறது, பயிற்றுநர் ரேடியோவில் கத்துகிறார், கடைசியில் விமானமே தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்கிறது. தரையில் மோதாமல் தடுக்கும் அந்தத் தானியங்கி ஏற்பாடு 2014-இல்தான் எஃப்-16-களில் வந்தது.

அந்தக் காலத்து ஆளின் சித்திரவதை வேறு மாதிரி. திறந்த காக்பிட், 15,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் இல்லாமல், உறைகிற குளிரில், முகத்தில் கொழுப்பைப் பூசிக்கொண்டு இரண்டு மணி நேரம். இறங்கிய பிறகு தலைவலியும் வாந்தியும். அதிலும் அடைத்துக்கொண்ட துப்பாக்கியைச் சுத்தியலால் தட்டிச் சரிபண்ணிக்கொண்டே பறக்க வேண்டும். தாங்கும் சக்தி என்று பார்த்தால் அவர்களைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: பழைய படங்களில் எல்லா விமானிகளும் கழுத்தில் பட்டுத் துணி கட்டியிருக்கிறார்களே, ஸ்டைலுக்கா?

பதில்: நிமிடத்துக்கு நிமிடம் திரும்பித் திரும்பிப் பார்த்தால் கம்பளிக் காலர் கழுத்தை அறுத்துவிடும், அதற்காக. அப்புறம் கண்ணாடியில் படிகிற விளக்கெண்ணெயைத் துடைக்க.

கேள்வி: இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் செய்கிறது. எதிரியைப் பார்க்காமலேயே 100 கி.மீ. தூரத்திலிருந்து ஏவுகணை விடுகிறார்கள். இதில் விமானியின் திறமை எங்கே இருக்கிறது?

பதில்: இந்த எண்ணம் ஒரு முறை அமெரிக்காவுக்கே வந்தது, விலையும் கொடுத்தார்கள். 1950-களிலேயே 'இனி ஏவுகணைக் காலம், நெருங்கிச் சுழன்று சண்டை போடுவதெல்லாம் போன தலைமுறை' என்று முடிவு பண்ணி, எஃப்-4 பேன்டமைத் துப்பாக்கியே இல்லாமல் செய்தார்கள், நெருங்கிய சண்டைப் பயிற்சியையும் குறைத்தார்கள். வியட்நாமில் ஸ்பாரோ ஏவுகணை பத்தில் ஒன்றுகூடச் சரியாகப் படவில்லை. பழைய சோவியத் போர் விமானமான மிக்-17 வந்து இவர்களைச் சுற்றிச் சுற்றி அடித்தது. 1968-இல் ஃப்ராங்க் ஆல்ட் என்கிற கடற்படை அதிகாரி இதை ஆராய்ந்து ஓர் அறிக்கை கொடுத்தார், அதிலிருந்து பிறந்ததுதான் 1969-இல் மிராமரில் தொடங்கிய 'டாப்கன்' பள்ளி. அதற்கு முன்பு தன் விமானம் ஒன்றை இழந்து எதிரியின் இரண்டை வீழ்த்திக்கொண்டிருந்த கடற்படை, அதன் பிறகு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற அளவுக்கு வந்தது. விமானம் பெரும்பாலும் அதே பேன்டம், ஏவுகணையும் ஏறக்குறைய அதே குடும்பம், மாறியது ஆள்.

இப்போதைய ஜெட் விமானியின் கஷ்டம் ஸ்டிக்கில் இல்லை, அது உண்மை. எஃப்-16 விமானத்தையே இயற்கையில் நிலையில்லாததாகத்தான் வடிவமைத்தார்கள், கம்ப்யூட்டர் இல்லாவிட்டால் மனிதனால் அதை நேராக வைத்திருக்க முடியாது. ஆனால் அவர் தலைக்குள் ஒரே நேரத்தில் என்னென்ன ஓடுகிறது பாருங்கள்: ரேடார் காட்டுவது, எச்சரிக்கைக் கருவி காதில் கத்துவது, கூட வருகிற மூன்று விமானங்கள் எங்கே, டேட்டாலிங்கில் (மற்ற விமானங்களும் தரை நிலையமும் தகவல் அனுப்பும் இணைப்பு) வருகிற படம் எவ்வளவு பழசு, எரிபொருள் எத்தனை நிமிடம், அந்தப் புள்ளி எதிரியா நம்ம ஆளா, தன் ஏவுகணை எந்தத் தூரத்தில் எட்டும், எதிரியின் ஏவுகணை எந்தத் தூரத்தில் தன்னை எட்டும், எந்த நொடியில் திரும்ப வேண்டும். மணிக்கு 1,000 கி.மீ. வேகத்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் நிமிடத்துக்கு 33 கி.மீ. இடைவெளி கரைகிறது. யோசிக்க நேரம் ஏது? எஃப்-35 விமானத்தில் ஆறு அகச்சிவப்புக் கேமராக்கள் பார்ப்பதை ஹெல்மெட்டுக்குள்ளேயே காட்டுகிறார்கள், தன் காலுக்குக் கீழே தரையில் என்ன இருக்கிறது என்பதும் விமானிக்குத் தெரியும். தகவல் இல்லாமல் செத்தது ஒரு தலைமுறை, இவர்களுக்கு அளவுக்கு மேல் தகவல், அதில் எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தெரிவதுதான் இப்போதைய வித்தை.

போல்கே எழுதிய விதிகளில் முதலாவது, தாக்குவதற்கு முன்னே உனக்குச் சாதகமான நிலையைப் பிடி என்பது. அதற்கு அன்று உயரமும் சூரியனும் வேண்டியிருந்தது, இன்று ரேடாரில் தெரியாத உடம்பு வேண்டியிருக்கிறது. ஹார்ட்மன் சுட்ட விமானிகளில் பெரும்பாலானோர் அவர் வந்ததையே பார்க்கவில்லை, ரேடாரில் எளிதில் தெரியாத எஃப்-22 செய்ய நினைப்பதும் அதேதான்.

கேள்வி: தலைப்புக் கேள்விக்கே வாருங்கள். ரிக்தோஃபெனை ரஃபேலில் உட்கார வைத்தால்? ரஃபேல் விமானியைக் கேமலில் உட்கார வைத்தால்?

பதில்: அப்படியே தூக்கிப் போட்டால் இருவரும் காலி. ரஃபேல் விமானி தரையை விட்டுக் கிளம்பின அரை நிமிடத்தில் கலவை நெம்புகோலை மறந்துவிடுவார். ரிக்தோஃபெனுக்கு ரஃபேலை ஸ்டார்ட் பண்ணவே தெரியாது. ஒரு வருடம் பழகக் கொடுத்தால் என்ன என்பதுதான் சரியான கேள்வி.

இதில் ஒரு பாதிக்கு நேரடியாகவே விடை இருக்கிறது. இங்கிலாந்தில் ஓல்ட் வார்டன் என்ற இடத்தில் ஷட்டில்வர்த் சேகரிப்பு என்று ஒன்று உண்டு, அங்கே கேமல் காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானமான எஸ்.இ.5ஏ, மறுபதிப்பு இல்லாத உண்மையானது, இன்றும் பறக்கிறது, கேமலின் மறுபதிப்பும் இருக்கிறது. அவற்றை ஓட்டுகிறவர்களில் விமானப்படையிலும் சோதனை விமானங்களிலும் பழகிய ஆட்கள் பலர் உண்டு. சின்ன விமானத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏறி, காற்று அடிக்காத நாளாகப் பார்த்துப் பறக்கிறார்கள். ஆக, பழகினால் வரும்.

மறுபாதிக்கு ராபின் ஓல்ட்ஸ். இரண்டாம் உலகப் போரில் பி-38, பி-51 விமானங்களில் 12 விமானங்களை வீழ்த்தியவர். 1967 ஜனவரி 2 அன்று, 44 வயதில், வியட்நாமில் பேன்டம் ஜெட்டில் போய், குண்டுவீச்சு விமானங்கள் வருவது போல வேஷம் போட்டு மிக்-21-களை மேகத்துக்கு மேலே இழுத்தார். அன்று ஒரே நாளில் அவருடைய அணி ஏழு மிக்-21-களை வீழ்த்தியதாகக் கணக்கு, தங்கள் பக்கம் இழப்பில்லை. அவரே அந்த வருடம் மொத்தம் நான்கு. ப்ரொப்பெல்லர் காலத்தின் கண்ணும் தந்திரமும் ஏவுகணை காலத்திலும் செல்லும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்னொருவர் எரிக் பிரவுன், பிரிட்டிஷ் கடற்படை. 487 வகை விமானங்களை ஓட்டியவர், கப்பல் தளத்தில் 2,407 முறை இறங்கியவர், 1945 டிசம்பரில் கப்பலில் ஜெட் விமானத்தை முதன்முதலாக இறக்கியவரும் அவரே. அவரை எந்தக் காலத்தில் எந்த விமானத்தில் உட்கார வைத்தாலும் ஓட்டிவிடுவார், ஆனால் அவரை வைத்து எல்லாரையும் அளக்கக் கூடாது.

என் ஊகம் கேட்டால், ரிக்தோஃபென் நல்ல ரஃபேல் விமானியாக வருவார், ஏனென்றால் அவர் பொறுமைசாலி, கணக்குப் போட்டுச் சண்டைக்குப் போகிறவர். கேமலில் கையாலேயே மாயம் காட்டியவர்களில் சிலர் ரஃபேலில் தடுமாறுவார்கள்.

கேள்வி: முதல் உலகப் போரில் இந்தியர் யாராவது பறந்தார்களா?

பதில்: இந்திர லால் ராய். கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த பையன். 1917 டிசம்பரில் எஸ்.இ.5 விமானத்தில் விபத்து, இறந்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், அவர் எழுந்து கதவைத் தட்டினார் என்றுகூட ஒரு கதை சொல்லப்படுகிறது. பறக்கத் தகுதியில்லை என்று மருத்துவர்கள் ஒதுக்கியதை மாற்ற வைத்துத் திரும்பி வந்தார். 40-ஆம் ஸ்குவாட்ரனில் 1918 ஜூலை 6 முதல் 19 வரை, இரண்டே வாரத்தில், 10 விமானங்களை வீழ்த்தினார். ஜூலை 22 அன்று பிரான்ஸின் கார்வினுக்கு மேலே ஜெர்மன் ஃபாக்கர் விமானங்களோடு சண்டையில் இறந்தார், 19 வயது. நம் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி சுப்ரதோ முகர்ஜி இவருக்கு மருமகன் முறை ஆகிற உறவினர். ஹர்தித் சிங் மாலிக் என்ற சீக்கியரும் கேமல் ஓட்டினார், தலைப்பாகைக்கு மேல் மாட்டுவதற்குப் பெரிய ஹெல்மெட்டாகச் செய்து வாங்கிக்கொண்டவர்.

கேள்வி: ஐயா, பெண்கள்? அன்று யாரும் இல்லையா?

பதில்: முதல் போரில் சண்டை விமானியாக விடவில்லை. இரண்டாவது போரில் சோவியத் விட்டது. லிதியா லித்வியாக் யாக்-1 விமானத்தில் ஸ்டாலின்கிராட்டிலும் பிறகும் பத்துக்கும் மேல் வீழ்த்தியதாகச் சொல்லப்படுபவர், 1943 ஆகஸ்டில் 21 வயதில் காணாமல் போனார். நமக்கு 2016 வரை ஆயிற்று, அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும்தான் முதல். ஜி-விசைக்கு ஆண் பெண் பேதமில்லை என்பதில் இப்போது யாரும் வாதாடுவதுகூட இல்லை.

கேள்வி: நீங்கள் மிக்-21 பார்த்திருப்பீர்களே. அது பழைய வகையா, புது வகையா?

பதில்: நடுவில் மாட்டிக்கொண்டது. ஜெட் வேகம், ஆனால் கம்ப்யூட்டர் கிடையாது, எல்லாம் கை வேலை. சின்ன முக்கோண இறக்கை, மணிக்கு 300 கி.மீ.-க்கு மேல் வேகத்தில் ஓடுதளத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும், மூக்கு நிமிர்ந்திருப்பதால் முன்னால் சரியாகத் தெரியவும் செய்யாது. ஒரே இன்ஜின், அது நின்றால் கல் மாதிரி இறங்கும். கொடுமை என்னவென்றால், சாதுவான கிரண் பயிற்சி விமானத்திலிருந்து பிள்ளைகளை நேராக இதில் ஏற்ற வேண்டியிருந்தது. நடுவில் ஒரு ஜெட் பயிற்சி விமானம் வேண்டும் என்று 1980-களிலேயே குழு போட்டுச் சொன்னார்கள், ஒப்பந்தம் 2004-இல், ஹாக் விமானம் பிதாருக்கு வந்தது 2008-இல். அந்த இடைவெளியில் போன உயிர்களைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். பத்திரிகைகள் 'பறக்கும் சவப்பெட்டி' என்று எழுதும்போது விமானத்தைத் திட்டினார்கள், பயிற்சியில் இருந்த ஓட்டையைப் பற்றி அவ்வளவு பேசவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-ஐ விடைகொடுத்து அனுப்பினார்கள். மிக்-21 ஓட்டிய தலைமுறையைத்தான் நான் கேமல் விமானிகளுக்குப் பக்கத்தில் வைப்பேன்.

கேள்வி: யாருக்குத் தைரியம் அதிகம்?

பதில்: பாராசூட் இல்லாமல் மரச்சட்டத்தில் துணி சுற்றிய விமானத்தில், பெட்ரோல் டாங்கைக் கட்டிக்கொண்டு போனவனுக்கு. பலூனில் இருந்த பிரிட்டிஷ் கண்காணிப்பாளருக்குப் பாராசூட் இருந்தது, விமானிக்குப் போர் முடியும் வரை கிடைக்கவில்லை. ஜெர்மானியருக்கு 1918-இல் வந்தது, எர்ன்ஸ்ட் உடெட் அந்த ஜூனில் அதனால்தான் பிழைத்தார். மிக் மேனக் என்ற பிரிட்டிஷ் வீரர் தீப்பிடித்தால் சுட்டுக்கொள்ளக் கைத்துப்பாக்கி வைத்திருந்தார் என்பார்கள், அவர் விமானம் கடைசியில் தீப்பிடித்துத்தான் விழுந்தது. இன்று மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் வெளியேறும் இருக்கை மட்டுமே 7,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் தைரியமும் திறமையும் ஒன்றில்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: ஏ.ஐ. வந்துவிட்டது, இனி விமானியே தேவையில்லை என்கிறார்களே?

பதில்: 2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா நடத்திய போட்டியில் ஒரு ஏ.ஐ. நிரல், அனுபவமுள்ள எஃப்-16 விமானியை 5-0 என்று தோற்கடித்தது. அது சிமுலேட்டரில். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நிரலுக்குத் துல்லியமாகத் தெரியும், நேருக்கு நேர் வந்து சுடுவதற்கும் அது பயப்படவில்லை, பயிற்சியில் மனிதர்களுக்கு அதற்குத் தடை உண்டு. 2023-இல் எக்ஸ்-62ஏ என்கிற மாற்றியமைத்த எஃப்-16-இல் உண்மையான வானத்திலேயே மனிதன் ஓட்டிய எஃப்-16-ஓடு ஏ.ஐ. மோதிப் பார்த்தது. கை-கால் வேலை முழுக்க இயந்திரத்துக்குப் போய்விடும் என்றே நினைக்கிறேன். சுடலாமா வேண்டாமா என்ற முடிவு எப்போது போகும் என்பது விமானிகள் தீர்மானிக்கிற விஷயம் இல்லை, அரசியல்வாதிகளைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் பிளஸ் ஒன், போர் விமானி ஆக வேண்டும். இதையெல்லாம் படித்ததும் ஆசை இன்னும் கூடிவிட்டது. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். யு.பி.எஸ்.சி. வருடத்துக்கு இரண்டு முறை என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு வைக்கிறது, பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயது வரைதான். அதைத் தவறவிட்டால் பட்டம் முடித்துவிட்டு ஏ.எஃப்.சி.ஏ.டி. (விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வு) வழியாக வரலாம். தேர்வில் ஜெயித்த பிறகு கம்ப்யூட்டரில் ஒரு விமானித் தகுதிச் சோதனை இருக்கும், கையும் கண்ணும் காதும் ஒன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள், அது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான், தோற்றால் விமானப் பிரிவு கிடையாது. ஆகவே சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று போகாதீர்கள். உடல் அளவும் முக்கியம்: உயரம் குறைந்தது 162.5 செ.மீ., கால் நீளம் 99-இலிருந்து 120 செ.மீ., தொடை நீளம் 64 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. தொடை ஏன் என்று கேட்பீர்கள், அவசரத்தில் இருக்கை ராக்கெட் வேகத்தில் மேலே போகும்போது முழங்கால் முன்பலகையில் இடித்தால் கால் போய்விடும். சுவரில் முதுகு ஒட்ட உட்கார்ந்து, வீட்டில் யாரையாவது டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அளவு எவ்வளவு வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.